முனாஸின் கையில் மயில்

அஸ்ரியாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மருதோண்டிக் கூம்பிலிருந்து எழும்பிய கராம்பு எண்ணெய் வாடை ஒரு காரணம். கணவன் முனாஸின் கையில் தான் கீறி வரைந்த மயில் பெரிய காரணம்.

“மயிலா புள்ள இது? கழுத்தறுத்த கோழி போல இரிக்கி.”

“வாயப் பொத்திட்டு இரிங்க மச்சான்.”

ஈரத்துணியால் மயிலை வழித்தாள். துணியில் அப்பிய பச்சைக் களி சாணி போலிருந்தது.

வெள்ளிக்கிழமை மதுரங்குளியில் முஃபீதா என்ற பெண்ணுக்குக் கலியாணம். பெருநாளுக்கு அயல் பிள்ளைகளுக்குப் பூப்போட்டுப் பழகிய அஸ்ரியாவுக்கு முதன்முதலாக வந்த மணப்பெண் கை. முஃபீதா போனில் அனுப்பிய படத்தில் மயில்கள் தோகை விரித்து நின்றன. தோலில் கீறினால்தான் கை பழகும் என்பதால், ஆணுக்கு மருதோண்டி ஆகாதென்று தெரிந்தும் முனாஸ் முழங்கை வரை நீட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய பொறுமைகூட அவளுக்கு எரிச்சலாயிருந்தது.

இன்னொரு மயில். அதுவும் கோழி. வழித்தாள். அடுத்ததற்குக் கழுத்தே வரவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வந்த கோபத்தில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கண்டபடி ஒரு கொடியை இழுத்தாள். அதைப் பார்க்கவும் பிடிக்காமல் கூம்பை எறிந்தாள்.

“எனக்கு வராது. முஃபீதாட்ட ஏலாதெண்டு சொல்லப்போறன்.”

கொல்லைக்குப் போய்க் காறித் துப்பிவிட்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அவள் திரும்பி வருமுன், காய்ந்த களி உதிர உதிர நீளக் கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு முனாஸ் பாலாவிக்கு உப்பு லொறி எடுக்கப் போய்விட்டிருந்தான்.

மறுநாள் காலையில் வந்தவன் கதிரையில் விழுந்து சட்டைக் கையைச் சுருட்டினான்.

“வெக்கையில செத்துப்போனன். சட்டையக் கழட்டெண்டு கேட்டவனுகளுக்குக் கையில புண்ணெண்டு சொன்னன். பொய்யுமில்ல. பாரு.”

மருதோண்டி ஒரு நாள் போனால்தான் நிறம் ஏறும். அருவருத்துத் துடைத்த மயில்களும் மங்கலாக எழும்பியிருந்தன. ஒரு கொண்டை, ஒரு கால், கழுத்தில்லாத உடம்பு. அவற்றின் மேல், துடைக்காமல் விட்ட கொடி மட்டும் கருஞ்சிவப்பாய் ஓடியது. களப்புத் தண்ணீரோரத்துக் கண்டல் மர வேர்கள் சேற்றுக்குள் இறங்குவதைப் போல.

குனிந்து பார்த்தாள். இலைகள் கோணல். நடுவில் ஓரிடம் தடித்துவிட்டது. ஆனால் மணிக்கட்டருகே திரும்பிய அந்த ஒரு வளைவைப் பார்க்கக் குமட்டவில்லை. போனிலிருந்த மயில்களை நினைத்தால்தான் இப்போது குமட்டியது.

முஃபீதாவுக்கு அழைத்தாள்.

“தங்கச்சி, எனக்கு மயில் வராது. வேற ஒண்டு கீறுவன். அது வேணாமெண்டா வேற ஆளப் பாருங்க.”



“வேற எண்டா என்ன ராத்தா?”

“எனக்கும் இன்னும் தெரியா. பின்னேரம் படம் அனுப்புறன்.”

“சரி. பாத்திட்டுச் சொல்றன்.”

போனை வைத்துவிட்டுப் புதுக் கூம்பின் நுனியை வெட்டினாள். வாடை மூக்கில் அடித்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டே அவன் முன்னால் உட்கார்ந்தாள்.

“மற்றக் கையத் தாங்க.”

“நாளைக்கும் லோடு இரிக்கி புள்ள.”

“அந்தச் சட்டையக் கழுவித் தாறன்.”