பின்வரிசையில் வச்சலாவின் கை

அரக்கோணத்தில் கேபிள் இணைப்பு வாங்கிய வீடுகளிலிருந்து, வீட்டுக்கு ஒருவர் மதிய டிவித் தொடரில் போய் நிற்க வேண்டும். அது கூட்டுக் குடும்பக் கதை. கல்யாணக் கூடம், ஆஸ்பத்திரி வராந்தா, சொத்துத் தகராறு என்று எங்கே பார்த்தாலும் பின்னால் நிற்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். இணைப்புப் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் இது தெளிவாகவே இருந்தது. தெய்வசிகாமணியின் வீட்டிலிருந்து அவர் மனைவி வச்சலா போயிருந்தாள். போய் மூன்று வருஷமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தன.

முதலில் அவரைத்தான் அனுப்புவதாக இருந்தது. எஞ்சின் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மாதான் இருந்தார். ஆனால் சும்மா இருக்க அவருக்கு வராது. உட்கார்ந்தால் முழங்கால் ஆடும், நின்றால் சட்டைப் பையைத் தடவுவார், ஜன்னலைத் திறப்பார், திறந்ததை மூடுவார். ஆள் எடுக்க வந்த கேபிள்காரர் பிச்சாண்டி ஒரு தம்ளர் மோர் குடித்து முடிக்கும்வரை அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சார் வேணாம். அம்மா நிக்கட்டும்" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

வச்சலாவுக்குக் கிடைத்த இடம் மூன்றாவது மருமகளுக்குப் பின்னால், தூணுக்குப் பக்கத்தில். பின்வரிசைக்காரர்களுக்கு வசனம் கிடையாது, தலையாட்டவும் கூடாது. நாளைக்கு ஒரு தடவை கையைத் தூக்கிக்கொள்ளலாம், அது வீட்டாருக்காக. இரண்டே முக்காலுக்கு வச்சலா கையைத் தூக்குவாள். திரை முழுக்கப் புள்ளி பொரிந்துகொண்டிருக்கும். அந்தப் புள்ளிகளுக்கு நடுவே அவள் கை மேலே போவதும் அசைவதும் தெரியும். என்ன சொல்கிறது என்று தெரியாது. தெய்வசிகாமணியும் பதிலுக்குக் கையை ஆட்டுவார்.

இப்படியே போயிருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை பிச்சாண்டி ஒரு படிவத்தோடு வந்தார்.

"வெள்ளிக்கிழமையோட தொடர் முடியுது சார். அம்மா வீட்டுக்கு வர்றாங்களா, அடுத்த தொடருக்குப் போறாங்களான்னு டிக் அடிச்சு, கையெழுத்துப் போட்டு, அன்னிக்கே அஞ்சு மணிக்குள்ள ஆபீசுல குடுத்துடுங்க."

"அவளைக் கேட்க வேணாமா?"

"கேளுங்க. அதான் கையத் தூக்கறாங்கல்ல."

"கை எங்கப்பா தெரியுது? பொரிதான் தெரியுது."

"எல்லா வீட்டுலயும் அப்படித்தான் சார். நீங்க ஒருத்தர்தான் குறை சொல்றீங்க" என்று சொல்லிவிட்டு, பிச்சாண்டி வாசலில் சாய்த்திருந்த ஏணியைத் தூக்கிக்கொண்டார்.

டிக்கைத் தப்பாகப் போட்டால் என்ன ஆகும் என்று தெய்வசிகாமணிக்குத் தெரியும். மாடியில் குடியிருந்த இருதயமேரி டீச்சரின் கணவர் சவரிமுத்து, இதற்கு முந்தைய தொடரில் நின்றவர். அவர் கை ‘வேண்டாம்’ என்று சொன்னதை டீச்சர் ‘கூப்பிடு’ என்று எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார். சவரிமுத்து வந்தார். வந்த நாளிலிருந்து ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் நிற்கிறார். சாப்பிடுகிறார், தூங்குகிறார், பேச்சுக் கிடையாது.

"தினம் ஒரு வாட்டி கையத் தூக்கறார் அண்ணா" என்று டீச்சர் ஒருமுறை துணி காயப்போடும்போது சொன்னார். "நான் திரும்பிப் பாக்கறதில்லை."

தெய்வசிகாமணியின் கூடத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. சென்னை ரிச்சி தெருவில் அலைந்து பாகம் பாகமாக வாங்கி, புத்தகம் பார்த்து அவரே பூட்டியது. கேபிள் வயர் அதற்குள் இருக்கும் ஒரு சர்க்யூட் அட்டையில் போய்ச் சேரும். படம் அதிலிருந்து பெரிய டிவிக்குப் போகும். வச்சலாவின் கையைப் பதிவு செய்து நிறுத்திப் பார்க்கலாம் என்றுதான் அதைச் செய்தார். நிறுத்தினால் புள்ளியும் நின்றுவிட்டது. ஓடும்போதாவது கை போல இருந்தது. நின்றபோது சிந்திய ரவை போல இருந்தது.

பிச்சாண்டி போனதும் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினார். ஜன்னலிலிருந்து கூடம் வரை வந்த பழைய வயரில் மூன்று இடத்தில் முறுக்கி ஒட்டுப் போட்டிருந்தது. அதை இழுத்துப் போட்டுவிட்டு, நல்ல தடிமனான வயரை ஒரே நீளமாக இழுத்தார். முனைகளைப் புதிதாக மாட்டினார். அன்று மதியம் புள்ளி பாதியாகக் குறைந்திருந்தது. ஆனால் ஒரு கறுப்புப் பட்டை கீழிருந்து மேலே மெதுவாக ஏறிக்கொண்டே இருந்தது. தொடரில் இருந்தவர்கள் அது காலடிக்கு வரும்போதெல்லாம் காலைத் தூக்கி வழிவிட்டார்கள். மாமியார் சாபம் கொடுத்துக்கொண்டே தூக்கினாள். வச்சலாவும் தூணைப் பிடித்துக்கொண்டு தூக்கினாள். அவளுக்கு மூட்டுவலி உண்டு. சாயங்காலத்துக்குள் அவர் எர்த் கம்பியைச் சரிசெய்து பட்டையைப் போக்கிவிட்டார்.

மறுநாள் மீதிப் புள்ளியை ஒழிக்க ஒரு வடிகட்டி போட்டார். கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் ஏற்பாடு அது. படத்தில் எது புள்ளி, எது பொருள் என்று தானே பார்த்துப் புள்ளியை எடுத்துவிடும். இரண்டரை மணிக்குத் தொடரில் வந்த கூடம் கழுவி விட்டதுபோல் பளிச்சென்று இருந்தது. மருமகள்களின் வளையல்களை எண்ணலாம்போல இருந்தது. தூணுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

அவர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து டிவியின் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வடிகட்டி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. ஓரமாக நின்று, லேசாக அசைகிற, யாருக்கும் தேவையில்லாத ஒன்றை அது புள்ளி என்று எடுத்திருந்தது. வச்சலாவோடு இன்னும் பதினோரு பேர் போயிருந்தார்கள். அதைக் கழற்றியதும் பன்னிரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். புள்ளிகளும் கூடவே வந்தன. அதற்குள் மணி இரண்டு ஐம்பது. அன்றைய கை போய்விட்டது.

புதன்கிழமை காலையில் அவர் எதையும் சாப்பிடவில்லை. நான்கு தடவை கடைத்தெருவுக்குப் போய்விட்டு, என்ன வாங்க வந்தோம் என்று தெரியாமல் நான்கு தடவை திரும்பினார். பிறகுதான் படத்தின் அகலம் உறுத்தியது. சதுரப் படத்தை அகல டிவிக்காக இழுத்து வைத்திருந்தார். அதனால் வச்சலா கொஞ்சம் பூசினாற்போல் தெரிவாள். அங்கே சாப்பாடு நன்றாகத்தான் போடுகிறார்கள்போல என்று மூன்று வருஷம் நிம்மதியாக இருந்திருக்கிறார். அளவைச் சரிசெய்தார். கன்னம் ஒட்டி, தோள் எலும்பு தெரிய அவள் நின்றாள். அவர் சமையலறைக்குப் போய் ஓர் ஆழாக்கு அரிசி களைந்து வைத்துவிட்டு வந்தார்.

அன்று இரண்டே முக்காலுக்குக் கை மேலே போனது, ஆனால் மணிக்கட்டோடு திரை முடிந்துவிட்டது. டிவிகள் படத்தின் ஓரத்தை நான்கு பக்கமும் கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும். அவள் விரல்கள் அந்த விழுங்கிய பகுதியில் இருந்தன. இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே அந்தப் பகுதியையும் கக்க வைத்தார். கூடத்துக்கு மேலே இன்னும் ஒரு விரற்கடை சுவர் தெரிந்தது. ஒரு ஒட்டடையும் தெரிந்தது.

வியாழக்கிழமை இரண்டே முக்காலுக்கு வச்சலா கையைத் தூக்கினாள். மிஞ்சிய புள்ளிகளுக்கு நடுவே ஐந்து விரலும் தெரிந்தன. மோதிரம் கழன்றுவிடாமல் நூல் சுற்றியிருந்தது தெரிந்தது. கை ‘கூப்பிடு’ என்று கீழ்நோக்கி அசையவில்லை. ‘வேண்டாம்’ என்று பக்கவாட்டிலும் அசையவில்லை. மணிக்கட்டு ஒருமுறை மேல்நோக்கித் திரும்பியது. விரல்கள் விரிந்து நின்றன.

என்ன?

அவ்வளவுதான். வச்சலா அவரைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் செருப்புக்கூடப் போடாமல் கேபிள் ஆபீசுக்குப் போனார். பிச்சாண்டி வயர்ச் சுருளின் மேல் உட்கார்ந்து பொட்டலத்திலிருந்து பகோடா தின்றுகொண்டிருந்தார்.

"என்னன்னு கேக்கறாப்பா. மூணு வருஷமா."

"ஆமா சார். அங்க நம்ம வீடு தெரியும்ல. சொல்லணும்னு நினைச்சேன், மறந்துட்டேன்."

"நான் தினம் பதில் சொல்லிட்டுத்தானே இருக்கேன்."

"என்ன சொன்னீங்க?"

தெய்வசிகாமணி யோசித்தார். சில நாள் சாப்பிட்டாயா என்று கேட்டிருந்தார். சில நாள் வந்துவிடு என்று. கரண்ட் போய் வந்த நாள்களில் ஃபேன் ஓடவில்லை என்றுகூடச் சொல்லியிருந்தார்.

"எதுவும் போய்ச் சேந்திருக்காது சார்" என்றார் பிச்சாண்டி. "அவங்க பக்கம் டிவி பழசு. ஆடாம இருக்கிறதுதான் அதுல தெரியும். சுவர்க் கடிகாரம் தெரியும், பீரோ தெரியும். நீங்க இந்த ஆட்டம் ஆடறீங்க. உங்க இடத்துல அவங்களுக்கு இழுத்துவிட்ட மை மாதிரி ஒண்ணு தெரியும். பகோடா எடுத்துக்கோங்க."

"அங்க ஒரு கம்ப்யூட்டர் அனுப்பலாமா?"

"ஒரு நாள்ல எப்படி சார்? நீங்க நில்லுங்க. அது போதும்."

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து அவர் நின்று பழகினார். முதலில் அரை நிமிஷம். முழங்காலை நாற்காலியோடு துண்டால் கட்டிப் பார்த்தார், நாற்காலியும் ஆடியது. கணக்குப் பாடம் எடுக்கும் டீச்சர் மாடியிலிருந்து இறங்கி வந்து, பள்ளிக்கூடத்தில் செய்வதுபோல் அவர் தலையில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்தார். பதினேழு தடவை விழுந்தது.

"மூச்சையாவது விடுங்க அண்ணா. செத்தவர் மாதிரி தெரிஞ்சா அவங்க ஏன் வரப்போறாங்க" என்றார் டீச்சர்.

கடைசிப் பகுதியில் எல்லோருக்கும் சமாதானம் ஆகிக்கொண்டிருந்தது. மாமியார் அழுதாள். இரண்டே முக்காலுக்கு வச்சலா கையைத் தூக்கி மணிக்கட்டைத் திருப்பினாள். தெய்வசிகாமணி கூடத்தின் நடுவில் நின்றார். கையை நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, விரல்களை ஒரே ஒருமுறை தன் பக்கம் மடக்கினார். அப்படியே வைத்துக்கொண்டார். மூக்கின் மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது, அதுவும் அசையவில்லை. தொடை நடுங்க ஆரம்பித்தபோது தொடர் முடிய இன்னும் ஏழு நிமிஷம் இருந்தது. ஏழு நிமிஷமும் நின்றார்.

வச்சலா கையைக் கீழே போட்டாள். கீழே போட்டால் என்ன அர்த்தம் என்று படிவத்தில் இல்லை. அவர் ‘வீட்டுக்கு’ என்ற கட்டத்தில் டிக் அடித்து, நாலு ஐம்பதுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பிச்சாண்டி அவளை மொபெட்டின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்து இறக்கிவிட்டுப் போனார். வச்சலா வாசல்படி ஏறினாள். நிலைப்படியில் நின்று, உள்ளே வழியில் நின்றிருந்த அவரைப் பார்த்தாள். உதடுகள் அசைந்தன. சத்தம் எதுவும் வரவில்லை. பிறகு அங்கேயே நின்றாள்.

"உள்ள வா" என்றார். நின்றாள். நாற்காலி கொண்டுவந்து போட்டார். தண்ணீர் நீட்டினார். வாங்கிக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கொடுத்தாள். மதியம் தட்டில் சாதம் போட்டுக் கொடுத்ததையும் நின்றபடியே சாப்பிட்டாள். அவர் அவளுக்கும் சமையலறைக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தார்.

இரண்டு மணிக்கு இறங்கி வந்த டீச்சர் பார்த்துவிட்டு, கூடத்து ஃப்ரிட்ஜின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"அந்தப் பக்கம் பிடிங்க அண்ணா. ஒரு அடி முன்னால இழுத்துடலாம். பின்னால இடம் வேணும்ல."

தெய்வசிகாமணி பிடிக்கவில்லை. "சவரிமுத்து வந்த அன்னைக்கு அவர் உதடு அசைஞ்சுதா டீச்சர்?"

டீச்சர் ஃப்ரிட்ஜை விட்டுவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "இல்ல" என்றார். மாடிக்கு ஏறிப் போய்விட்டார்.

அவர் பிச்சாண்டிக்குப் போன் செய்தார்.

"குரல் இன்னும் வரலையா சார்? படமும் சத்தமும் ஒண்ணாவா அனுப்புவாங்க. சென்னையிலேர்ந்து அஞ்சு நாப்பதுக்கு வர்ற லோக்கல் வண்டியில இருக்கும், போய்ப் பாருங்க."

அவர் பிளாட்பார டிக்கெட் எடுத்துக்கொண்டு இரண்டாம் எண் நடைமேடையில் நின்றார். வண்டி எட்டு நிமிஷம் தாமதம். பூக்கூடைகளும் ஆபீஸ்காரர்களும் இறங்கித் தீர்ந்த பிறகு, நான்காவது பெட்டியிலிருந்து வச்சலாவின் குரல் இறங்கியது. அவருக்கு நேர் எதிரே, கை எட்டும் தூரத்தில் வந்து நின்றது.

"கொஞ்சம் நகருங்க" என்று, காலையில் நிலைப்படியில் அவள் உதடுகள் அசைந்ததைச் சொன்னது. "வழியை மறிச்சிக்கிட்டு நின்னா எப்படி உள்ள வர்றது?"

தெய்வசிகாமணி நடைமேடையில் ஓரடி நகர்ந்து வழிவிட்டார்.