ஜூட்சன் அண்ணன் பார்த்துக் கொடுத்த ஜோடி

மூன்றாவது தடவையும் ஏஞ்சல் மீன் முட்டைகள் இரண்டே நாளில் வெள்ளையாகிப் பூஞ்சை பிடித்துவிட்டன. தொட்டித் தண்ணீரின் சூட்டைக் காலையிலும், கணினி வகுப்பு முடிந்து தோட்டத்து லய வீட்டுக்கு வந்த பிறகும் தவறாமல் குறிக்கிறேன். இருபத்தேழு டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. ஆனாலும் தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

கொட்டகலை பஜாரில் இந்த ஜோடியை விற்ற ஜூட்சன் அண்ணனும் அதையேதான் சொன்னார். "சும்மா சும்மா எட்டிப் பார்த்தா மீனுக்கு வெக்கமா இருக்காதா? புருசன் பொஞ்சாதிய கொஞ்சம் தனியா விடு தங்கச்சி."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் அதை நம்பித் தொட்டியைத் துணியால் மூடி வைத்தேன். அவ்வளவு புத்தி எனக்கு.

நேற்று துணியை எடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பெண் மீன் தொட்டிக்குள் இருந்த சிலேட்டுத் துண்டில் வரிசையாக முட்டை ஒட்டியது. அது விலகியதும் 'புருசன்' வந்து, தானும் முட்டை ஒட்டியது. இரண்டுமே பெண்!

இன்று கடைக்குப் போய், போனில் எடுத்திருந்த வீடியோவைக் காட்டினேன். "உங்க ஆம்பள முட்டை போடுது, பாருங்கண்ணே."

முப்பது வருசமாக மீன் விற்கும் மனிதர் இரண்டு தடவை பார்த்தார். "இந்தக் குளிருக்கு அப்பிடித்தான் மாறும்" என்றார். "வேற ஜோடி பார்த்துத் தாறேன்."

"வேணாம்ணே. ஆறு குஞ்சு குடுங்க. வளந்த பிறகு ஜோடிய அதுகளே பார்த்துக்கும். உங்கள விட அதுகளுக்குத் தெரியும்."

இந்த முறை அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். குஞ்சுகளோடு பஸ்ஸில் ஏறிய பிறகுதான், ஆறும் பெண்ணாக இருந்துவிட்டால் அந்த ஆள் முகத்தில் எப்படி விழிப்பது என்று பயம் வந்தது.