நாற்பத்தொரு பேருக்கு அர்ச்சனை

…சொல்லியிருக்கக் கூடாது, அதிலும் நாற்பத்தொன்று என்று எண்ணிக்கையோடு சொல்லித் தொலைத்திருக்கவே கூடாது, யார் கேட்டார்கள் எண்ணிக்கையை, திருப்பரங்குன்றம் கோயில் வாசலில் பூட்ஸுக்கு நாடா கட்டிக்கொண்டே அந்தப் பெத்ரோவ் சிரித்த முகமாகத்தான் கேட்டான், நம் இசையமைப்பாளருக்காக உள்ளே அவ்வளவு நேரம் என்ன வாசித்தார்கள் என்று, சாம்பசிவத்துக்கு வாய் எங்கே சும்மா இருக்கும், பெயர்கள், நாற்பத்தொரு பேருக்கு அர்ச்சனை, எங்கள் ஊரில் கல்யாண வீட்டுக்காரர்கள்கூட இத்தனை பேருக்குச் செய்வதில்லை என்று மேடையில் நிற்கிற பெருமையோடு ரஷ்ய மொழியில் வேற்றுமை உருபு ஒன்றுகூடப் பிசகாமல் சொல்லியாயிற்று, ஏழு வருஷம் நட்புறவுச் சங்கத்து மாலை வகுப்பில் உட்கார்ந்து படித்தது இதற்குத்தானே, நல்லாப் படிச்சீரய்யா. யாருடைய பெயர்கள், என்று அவன் அடுத்த கேள்வியைக் கேட்கவும் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அந்தக் கேள்வி இப்போது காருக்குள்ளேயும் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

பின் சீட்டில் பெத்ரோவ், சோவியத் கலைக்குழுவின் தலைவன், பக்கத்தில் மொழிபெயர்க்க வந்த துபாஷி சாம்பசிவம், முன்னால் டிரைவர் நல்லகாமன், அவன் பக்கத்தில் இசையமைப்பாளர் ரெய்ன் தாம்மே, மற்ற மூன்று கலைஞர்கள் முன்னே போகிற வேனில். மூன்று மணி விமானம். அவனியாபுரத்தைத் தாண்டிவிட்டால் போதும், ஏற்றி அனுப்பிவிட்டு கே.கே. நகருக்குப் போய்ச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு விசிறியைப் போட்டுப் படுத்துவிடலாம், ஆனால் அந்தச் சட்டைப் பையில்தான் தாள் இருக்கிறது, நாலாய் மடித்து, நடுவில் விபூதி வைத்து, குருக்கள் பழக்கதோஷத்தில் பெயர்ப்பட்டியலிலேயே பிரசாதத்தை மடித்துக் கொடுத்துவிட்டார். முன் சீட்டில் தெரிகிற அந்தப் பின்கழுத்து, வெயிலில் செங்கல் நிறத்துக்கு வெந்து போயிருக்கிறது, திரும்பவே மாட்டேன் என்கிறது. கேட்டிருக்குமா தாம்மேவுக்கு, வாசலில் நான் உளறியது… கேட்காமல் எப்படி இருக்கும், சுருதி கால்வாசி பிசகினால் கண்டுபிடிக்கிற காது.

ரஷ்யன் இல்லை நான், எஸ்தோனியன், என்று முதல் நாளே ஓட்டல் படிக்கட்டில் தாம்மே தாழ்ந்த குரலில் சொன்னார், எஸ்தோனியா எங்கே இருக்கிறது என்று சாம்பசிவம் அன்றைக்கு வீட்டுக்குப் போய் மகளுடைய அட்லஸில் தேடினார், பால்டிக் கடலோரம், கட்டைவிரல் வைத்தால் மறைந்துபோகிற தேசம். இரண்டு பேருக்குமே ரஷ்ய மொழி இரவல்தான், அதனாலேயோ என்னவோ ஒட்டிக்கொண்டுவிட்டது, இருவரும் மெதுவாக, தப்பு வராமல், கடன் வாங்கிய பாத்திரத்தைப் புழங்குகிற மாதிரி பேசிக்கொண்டார்கள். பொம்மைப் படங்களுக்கு இசை போட்டுத்தான் என் வயிறு வளர்கிறது, வாத்து நடந்தால் பாஸூன் குழல், வாத்து விழுந்தால் டிரம், என்று நேற்று மலைப்பாறையில் உட்கார்ந்து சிரித்தார், அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு மற்றதைச் சொன்னார், எதற்காகச் சொன்னார், நாலாயிரம் மைல் தள்ளி இருக்கிற ஒரு ஹெட்கிளார்க்கிடம் சொன்னால் காற்றோடு போய்விடும் என்றா… நாற்பத்தொன்பதாம் வருஷம் மார்ச் மாதம் அவருடைய கிராமத்திலிருந்து சோவியத் போலீஸ் சைபீரியாவுக்கு ரயிலில் ஏற்றிக்கொண்டு போனவர்களில் நாற்பத்தொரு பேர் திரும்பவில்லை, அப்பா, சித்தி, பள்ளிக்கூடத்து ஆர்மோனியக்காரர், ஒன்றரை வயசுக் குழந்தை ஒன்று. அந்தப் பெயர்களைப் பாட்டாகப் போட்டிருக்கிறார், வேறு சொல்லே கிடையாது, பெயர்கள் மட்டும், நூற்பாலையில் வேலை பார்க்கிற பெண்கள் முப்பது பேர் வாரத்துக்கு இரண்டு நாள் பாடுகிறார்கள், எழுத்தில் எங்கேயும் கிடையாது, யாராவது கேட்டால் குரல் பயிற்சி என்று சொல்லிக்கொள்கிறார்கள், பெயரை அசை அசையாகப் பிரித்து ஆ என்றும் ஊ என்றும் இழுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது. பெத்ரோவே ஒருதரம் வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டு, நல்ல பயிற்சி என்று பாராட்டிவிட்டுப் போனானாம்.

அந்தப் பெத்ரோவ் காதில் இந்தப் பெயர்கள் வரிசையாக விழுந்தால் போதும், ஐந்தாவது பெயரிலேயே பயிற்சி எதுவென்று பிடிபட்டுவிடும், பாட்டும் போச்சு, பாடிய முப்பது பெண்களும் போனார்கள், இவரும் ரயிலேற வேண்டியதுதான்… கோயில் வாசலோடு நின்றிருக்கலாம். கொடிமரத்துக்கு அந்தப் பக்கம் வரக் கூடாது என்று நிறுத்தினார்கள், நின்றார், உள்ளே குருக்கள் யாரோ குடும்பத்துக்குப் பெயர் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்கிற குரல் வந்தது, என்ன சொல்கிறார் என்று கேட்டார், பெயர்களைச் சொல்கிறார் என்றேன், வெறும் பெயரையா, ஆமாம், எதற்கு, சாமிக்குத் தெரிய வேண்டாமா. அவ்வளவுதான், அந்த முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அந்த நாற்பத்தொரு பெயரையும் அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதிக்கொண்டேன், ல்லும் ஹ்ஹும் வந்து உயிரை வாங்கின. குருக்கள் நட்சத்திரம் தெரியலேன்னா பேரை மட்டும் சொல்லுங்கோ என்றார். செத்தவர்களுக்கு அர்ச்சனை கிடையாது, திதிதான் கொடுக்க வேண்டும், அது சாம்பசிவத்துக்குத் தெரியாதா, தெரியும், தெரிந்தே குருக்களிடம் மூச்சு விடவில்லை, நாற்பத்தொரு பேரும் க்ஷேமமாக ஆயுள் ஆரோக்கியத்தோடு இருக்க வேண்டும் என்று அவர் சங்கல்பம் சொன்னபோது சன்னிதியில் அந்தப் பொய்க்குக் கைகூப்பி நின்றார். வெளியே தாம்மே ஒவ்வொரு பெயருக்கும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

பெயர் சொல்லுவதே உனக்கு வேலையாய்ப் போயிற்று சாம்பசிவம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், மிசா காலத்தில், ஆபீசர் கூப்பிட்டு உட்கார வைத்து டீ வரவழைத்துப் பேச்சுவாக்கில்தான் கேட்டார், ஊழியர் சங்கக் கூட்டத்துக்கு நம்ம ஆட்கள் யார் யார் போனாங்க, சாம்பசிவம் ஆறு பெயர் சொன்னார், காசிமாயன் நான்காவது. அடுத்த வாரம் காசிமாயனை மட்டும் ஜீப்பில் கொண்டுபோனார்கள். எட்டு மாசம். திரும்பி வந்தவனுக்கு இடது காது கேட்கவில்லை, ஆனாலும் எதிரில் பார்த்தால் வாங்கண்ணே என்றுதான் சொல்கிறான், அதுதான் தாங்க முடியவில்லை, என்னால்தானா, வேறு எவனாவது சொல்லித்தானா, இதை யாரிடம் போய்க் கேட்பது… வில்லாபுரம் பக்கம் ஒரு லாரி குறுக்கே நின்றது, நல்லகாமன் ஹாரனை அழுத்தினான், கார் நின்றது, பெத்ரோவ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையில் விபூதி கசிகிறதே, என்றான். பார்த்துக்கொண்டேதான் வந்திருக்கிறான்.

“அந்தத் தாளைத்தானே வாசித்தார்கள்? எனக்கும் வாசித்துக் காட்டுங்களேன்.”

பின்கழுத்து அசையவில்லை. சாம்பசிவம் தாளை எடுத்தார், விபூதியை உள்ளங்கையில் கொட்டினார், நெற்றியில் பூசிக்கொண்டார், பெத்ரோவிடமும் நீட்டினார், அவன் வேண்டாம் என்று தலையாட்டினான், இதற்கெல்லாம் எவ்வளவு நேரம் பிடிக்கும், அரை நிமிஷம், அந்த அரை நிமிஷத்தில் ஒரு வழி தோன்றியது. அவனுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. என் குடும்பத்துக்காகத்தான், என்றார், விருந்தாளி எங்கள் வீட்டில் ஒரு நாள் சாப்பிட்டார் இல்லையா, பதில் மரியாதையாக எங்கள் ஆட்களுக்குச் செய்யச் சொன்னார், எங்கள் வழக்கம் அது. அப்படி ஒரு வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. பெத்ரோவ், அப்படியா, ரொம்ப அழகு, என்றான். சாம்பசிவம் தாளைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அதில் எழுதியிருந்த தாம்மேயின் அப்பாவைப் பார்த்துக்கொண்டே, சாவித்ரி, என்று வாசித்தார். மனைவி. அகிலாண்டம், அக்கா. விஸ்வேஸ்வரன், அத்தான். அத்தான் பிள்ளைகள் நாலு பேர். குரல் நன்றாகத்தான் வந்தது, எத்தனை சுலபமாக இருக்கிறது, வாய் திறந்தால் சொந்தக்காரர்கள் வந்து விழுகிறார்கள், சாம்பசிவத்துக்கு ஒரு கணம் உற்சாகமாகக்கூட இருந்தது, ஏமாத்திட்டோம்ல, என்று. அப்போதுதான் பெத்ரோவ் சின்ன நோட்டு ஒன்றை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தான். கொஞ்சம் மெதுவாக, என்று கேட்டுக்கொண்டான்.

நிறுத்த முடியுமா, எண்ணிக்கையைத்தான் ஏற்கெனவே சொல்லித் தொலைத்தாயிற்றே. பத்தொன்பதோடு சொந்தம் தீர்ந்துபோயிற்று, மாமனார் பக்கத்தையும் சேர்த்து. ஆபீசுக்குள் போனார், சின்னச்சாமி, மலையாண்டி, டைப்பிஸ்ட், டெஸ்பாட்ச், காசிமாயன் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, கடித்து விழுங்கினார். தெருவுக்கு வந்தார், காய்கறி கொண்டுவருகிற சோலையம்மாள், பாத்திரம் தேய்க்கிற தங்கப்பொண்ணு, எதிர்வீட்டுச் சீனியம்மாள். பேனா நிதானமாக ஓடுகிறது, ரஷ்ய எழுத்து சாம்பசிவத்துக்குப் படிக்கத் தெரியுமே, எட்டிப் பார்த்தால் சாவித்ரி அட்சரம் பிசகாமல் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். முப்பத்தைந்தில் அவசரத்துக்கு ஒன்றும் கிடைக்காமல் நல்லகாமன் என்றார், டிரைவர் கண்ணாடியில் பார்த்தான், காலையில் அவன் உசிலம்பட்டியில் இருக்கிற தன் அம்மா ஒச்சாயிக்குக் கண்ணில் புரை என்று சொன்னது ஞாபகம் வர, ஒச்சாயி. மகள் பெயரை மட்டும் சொல்லுவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துவைத்திருந்தார், முப்பத்தொன்பதில் அதுவும் போயிற்று. நாற்பதாவதாகத் தன் பெயர். அதற்கு மேல் உலகத்தில் ஒரு மனிதர்கூட நினைவுக்கு வரவில்லை. அவனியாபுரம் பட்டறைகளில் வெல்டிங் வெளிச்சம் பளீர் பளீரென்று அடித்தது, பெத்ரோவ், இன்னும் ஒன்று, என்று பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

தாம்மே அப்போதுதான் திரும்பினார். “அது என் பெயர். என்னையும் சேர்த்துத்தான் வேண்டிக்கொண்டார்கள்.”

பெத்ரோவ் பேனாவை மூடிச் சட்டையில் செருகினான். “உங்கள் பெயர் என்னிடம் முன்பே இருக்கிறது, ரெய்ன்,” என்றான், ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னான்.

தாளைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன செய்வது என்று நடுங்கிக்கொண்டிருந்த சாம்பசிவத்துக்கு, கேட்காததுதான் அதைவிடப் பயமாக இருந்தது, நம்பிவிட்டானா, நம்பியவன் எதற்கு எழுதுவான், நம்பாதவன் எதற்கு எழுதினான்… பைத்தியமா எனக்கு, உசிலம்பட்டிக் கிழவியின் பெயரை வைத்துக்கொண்டு மாஸ்கோவில் என்ன செய்யப்போகிறார்கள், ஒன்றும் செய்ய மாட்டார்கள், ஒன்றும் ஆகாது. தாம்மேயின் கண்ணில் நன்றி இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் நிமிர்ந்தார், நன்றி இல்லை அங்கே, அந்த மனிதர் பெத்ரோவின் தொடைமேல் இருந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், எழுதப்பட்ட பெயர் என்னவாகும் என்று பார்த்தவர் பார்க்கிற பார்வை. அவருடைய நாற்பத்தொரு பேரையும் இனிமேல் யாரும் எங்கேயும் ஏற்றிக்கொண்டு போக முடியாது. நான் சொன்ன நாற்பது பேரும் காலையில் எழுந்து காப்பி குடித்தவர்கள். விமான நிலையத்து வேலி தெரிந்தது, நல்லகாமன் கியரை மாற்றிக்கொண்டே, “என்னண்ணே, எம் பேரச் சொன்னீக, எங்காத்தா பேரையுஞ் சொன்னீக, அந்தாளு எழுதிக்கிட்டே வாராரு… எதுக்குண்ணே?” என்றான். சாம்பசிவம் தாளை மறுபடி நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நல்லகாமன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வண்டியை உள்ளே திருப்பினான்.