மேனேஜரின் சக்கரம்

லிஃப்டுக்கு அடியில் ஒரு குழி இருக்கும். ஏறி இறங்குகிறவர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். பராமரிக்கிற மெக்கானிக்குக்கோ அது பாதி வீடு. கைதவறிய சாவி, ஒற்றைக் கம்மல், குழந்தை வீசிய சாக்ஸ் எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். மூன்று மாதங்களுக்கு முன் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் குழியில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, மெக்கானிக்கின் கண்ணில் ஓர் எலி பட்டது. சாக்கடை எலி இல்லை. வெள்ளை உடம்பு, தலைக்கு மட்டும் காப்பிப்பொடி நிறத்தில் ஒரு முக்காடு. யாரோ வீடு காலி செய்யும்போது விட்டுப்போன வளர்ப்பு எலி. அவள் கையை நீட்டினாள். அது கைமேல் ஏறி, சட்டைப் பைக்குள் இறங்கி, சுருண்டு தூங்கிவிட்டது.

"பகலெல்லாம் தூக்கம், எல்லாரும் கிளம்புற நேரத்துல பரபரப்பு. அப்படியே எங்க மேனேஜர்தான்," என்றாள் வீட்டுக்கு வந்து. பெயர் ஒட்டிக்கொண்டது.

வீட்டில் அவளும் கணவரும் மட்டும்தான். கணவருக்குக் குரல்தான் தொழில். அவள் பராமரிக்கிற லிஃப்டுகளில் "கதவு மூடுகிறது" என்று சொல்வதே அவர்தான். இப்போது ஒலிப்புத்தகங்கள் படிக்கிறார். துணி அலமாரியைக் காலி செய்து, உள்சுவர் முழுக்கத் தடித்த கம்பளித் துணி ஒட்டி, அதற்குள் ஒரு முக்காலி போட்டுக்கொண்டு தினமும் சாயங்காலம் பதிவு செய்வார். எலிகளுக்குப் பொழுது விடிவதும் சாயங்காலத்தில்தான். சிக்கலே அங்கே ஆரம்பித்தது.

மேனேஜர் பெருத்துவிட்டது. "இது எலியா தலையணையா? ஓட விடுங்க," என்றார் கால்நடை மருத்துவர். மெக்கானிக் அன்றே கடைக்குப் போய் ஒரு சக்கரம் வாங்கினாள். வாங்குவதற்கு முன் அவள் கேட்டது ஒரே கேள்வி.

"எவ்வளவு லோடு தாங்கும்?"

கடைக்காரர் திருதிருவென்று விழித்தார். "எலிக்குத்தானே அக்கா?"

"எலிக்குத்தான்."

"அப்போ எலியைத் தாங்கும்."

லிஃப்ட்காரிக்கு எதையும் எடையில்தான் பார்க்கத் தெரியும். சக்கரத்தின்மேல் கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். ஒரு பூசணிக்காயை உட்காரவைத்தாலும் அசையாது. திருப்தியோடு வந்தாள். கம்பிச் சக்கரம், ஒரு சாண் குறுக்களவு. மேனேஜர் ஏறி ஓடியதும் வீடே கீச்சிட்டது.

அலமாரிக் கதவு திறந்தது. கணவர் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினார். "கதாநாயகி சாகக் கிடக்கிறா. பக்கத்துல யாரோ கிணத்துல தண்ணி இறைக்கிற மாதிரி கேக்குது."

"ரெண்டு நாள் பொறுங்க. சரி பண்ணிடறேன்."

"ஞாயித்துக்கிழமை பதிவை அனுப்பியாகணும்மா. அதுக்குள்ள சத்தம் நிக்கலைன்னா மேனேஜரைத் தங்கச்சி வீட்டுக்கு மாத்திடலாம்."

தங்கச்சி என்றால் மெக்கானிக்கின் நாத்தனார். அவள் வீட்டில் இரண்டு பூனைகள். விஷயம் தெரிந்து அவளே போன் செய்தாள்.

"அனுப்பி வைங்க அண்ணி, என் பசங்க பரம சாது. ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் பண்ணாது."

"ஈ எறும்பு அதுங்களுக்குப் பிடிக்காதுடி. எலி அப்படியா?"

போனை வைத்துவிட்டுக் கூண்டின் முன் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். எட்டு மணி நேரம் இருட்டுக் குழியில் தனியாக வேலை பார்த்துவிட்டு வருகிறவளை வாசலிலேயே மோப்பம் பிடித்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஜீவன் இது ஒன்றுதான். அதைப் பூனை வீட்டுக்கா?

மேனேஜர் ஓடுவதை அப்போதுதான் அவள் ஒழுங்காகப் பார்த்தாள். பார்த்ததும் வெட்கமாகப் போய்விட்டது. எலியின் முதுகு இயல்பாகவே மேல்நோக்கி வளைந்த கூன்முதுகு. இந்தச் சின்னச் சக்கரத்துக்குள்ளோ தலை முன்னால் தூக்கி, பின்புறம் பின்னால் தூக்கி, நடுமுதுகு தூளி மாதிரித் தொங்கியது. நாம் வானத்தைப் பார்த்துக்கொண்டே மைல் கணக்கில் ஓடினால் எப்படியிருக்கும்? போதாததற்கு வால் கம்பி இடுக்கில் நுழைந்து நுழைந்து வெளியே வந்தது. லிஃப்ட் வேலையில் முதல் நாளே சொல்லித்தருகிற பாடம், ஓடுகிற பொருளும் நிற்கிற பொருளும் ஒன்றையொன்று கடக்கிற இடத்தில் விரலை வைக்காதே என்பது. வாலுக்கு அந்தப் பாடத்தை யார் எடுப்பது?

மறுநாள் கடைக்குப் பேனாவோடு போனாள். மேனேஜர் எட்டிப் பாயும்போது முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே இருக்கும் தூரம் சரியாக ஒரு பேனா நீளம், அளந்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"இன்னிக்கு லோடு கேக்கலையா அக்கா?" என்றார் கடைக்காரர்.

"பேசாம வேடிக்கை பாருங்க."

ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் பேனாவைப் படுக்கவைத்தாள். சக்கரம் வளைவு, பேனா நேர். இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளம்தான் முதுகுக்கு வருகிற வளைவு. பழைய சக்கரத்தின் அளவில் இருந்ததில் இரண்டு விரல் நுழைந்தது. முப்பத்திரண்டு சென்டிமீட்டர் சக்கரத்தில் ஒரே விரல்தான் போனது. அது மரச் சக்கரம். ஓடுபாதை இடைவெளியே இல்லாத கார்க் அட்டை. முன்பக்கம் முழுக்கத் திறப்பு, பின்பக்கம் மட்டும் தாங்கி. வாலை நறுக்க முன்னால் ஒரு தாங்குகால்கூட இல்லை.

"இத்தனை வருஷமா விக்கிறேன், பேனாவை வச்சு யாரும் எலிக்குச் சக்கரம் பார்த்ததில்ல," என்று சொல்லிக்கொண்டே கடைக்காரர் தன் விரலையும் விட்டுப் பார்த்தார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வீட்டில் சுழற்றியபோது அச்சில் லேசாக ஓர் உரசல் கேட்டது. மெக்கானிக்கின் காது அதைப் பொறுக்குமா? கழற்றிப்போட்ட லிஃப்ட் கதவு உருளை ஒன்று அவள் பையில் கிடந்தது. அதிலிருந்த பேரிங்கைப் பிரித்துத் துடைத்து அச்சில் பொருத்தினாள். விரலால் ஒரு தட்டு தட்டினாள். வெண்ணெய் மாதிரிச் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் டீ போட்டு எடுத்துவருகிற வரைக்கும் நிற்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மேனேஜர் ஏறியது. ஓடியது. துளி சத்தமில்லை. பிறகு மேனேஜர் நின்றது, சக்கரம் நிற்கவில்லை. எலியைவிடக் கனமான சக்கரம், தடுக்க எதுவும் இல்லாத அச்சு. மேனேஜரை அப்படியே தூக்கி, உச்சிக்குக் கொண்டுபோய், தலைகீழாகக் காட்டி, இறக்கிவிட்டது. மேனேஜர் வெளியே இறங்கி, முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டு, மூலையில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தது. முந்திரிப்பருப்பை நீட்டியும் திரும்பவில்லை.

"ராஜினாமா பண்ணிடுச்சு போல," என்றார் கணவர்.

"தப்பு என்னோடதுங்க." அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "லிஃப்ட் வழுக்கிட்டு போகணும்னு பார்த்துப் பார்த்துப் பழகிட்டேன். பிரேக் இல்லாத லிஃப்டை யாராவது ஓட விடுவாங்களா? நானே பண்ணி வச்சிருக்கேன்."

"சரி, பிரேக் வை."

"எதை வச்சாலும் சத்தம் போடும். ரப்பர் கிறீச்சுங்கும், இரும்பு உரசும். மெத்துனு இருக்கணும், கொஞ்சமாப் பிடிக்கணும், வாயைத் திறக்கவும் கூடாது." சொல்லிக்கொண்டே போனவளின் பார்வை அலமாரிக்குள் போனது.

கணவர் அந்தப் பார்வையைப் பின்தொடர்ந்தார். "வேண்டாம். அது என் ஸ்டுடியோ."

"ஒரு பிஸ்கட் அளவுதாங்க."

"அந்தக் கம்பளியை ஒட்ட ஒரு வாரம் ஆச்சு!"

அவள் மூலையைப் பார்த்தாள். மேனேஜர் இன்னும் முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தது. கணவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தானே அலமாரிக்குள் நுழைந்து, முக்காலிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒரு வட்டம் வெட்டிக்கொண்டு வந்தார். பிஸ்கட்டைவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருந்தது.

நடுவில் துளை போட்டு, சக்கரத்துக்கும் தாங்கிக்கும் இடையில் அதைச் செருகி, திருகை இறுக்கினாள். பாதித் திருகு தளர்த்தினாள். கால் திருகு இறுக்கினாள். தட்டினால் ஒரு சுற்று. பிறகு மெல்ல நின்றது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கணவர் அலமாரிக்குள் கடைசி அத்தியாயத்தைத் தொடங்கினார். மெக்கானிக் கூண்டின் முன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேனேஜர் வந்தது. சக்கரத்தை மோந்தது. ஒரு காலை வைத்து எடுத்தது. இரண்டு காலை வைத்தது. ஏறியது. நான்கு அடி நடந்து, வேண்டுமென்றே சட்டென்று நின்றது. சக்கரமும் நின்றது. மேனேஜர் ஒருமுறை அவளைத் திரும்பிப் பார்த்தது. பிறகு ஓடியது பாருங்கள், கூன்முதுகு கூன்முதுகாகவே இருக்க, வால் பின்னால் நீண்டு மிதக்க, ஒரு பொட்டுச் சத்தமில்லாமல்!

"அப்படித்தாண்டா என் ராஜா!" என்று கத்தியபடி அவள் கைதட்டினாள்.

அலமாரிக் கதவு திறந்தது.

"ஒன்றரை மணி நேரமாச் செத்துட்டிருந்தா. இப்பத்தான் கண்ணை மூடினா," என்றார் கணவர். "யாரோ கைதட்டி வழியனுப்பி வைக்கிறாங்க."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் எட்டிக் கூண்டுக்குள் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்த மேனேஜரை வெகுநேரம் பார்த்தார்.

"எலி இங்கேயே இருக்கட்டும்," என்றார் கடைசியில். "கடைசிப் பக்கம் முடியற வரைக்கும் நீ தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வா."

பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவள் தினமும் கேட்கிற அதே குரலில், "கதவு மூடுகிறது," என்று சொல்லிக் கதவை மூடினார்.