மங்கலான கோடு

எங்கள் லேபின் தலைவி என் சொந்த அக்கா. ஊருக்கெல்லாம் மேடம், எனக்கு மட்டும் அக்கா. அவள் சொல்லை நான் தட்டியதே இல்லை என்று யாராவது சொன்னால் எங்கள் அம்மாவே வயிறு வலிக்கச் சிரிப்பாள்.

அன்று காலை அவள் ஒரு ரிப்போர்ட்டை என் முன்னால் போட்டாள். மூளைக்காய்ச்சலை உடனே கண்டுபிடிக்கும் புது ஸ்ட்ரிப் பற்றியது. குழந்தையின் முதுகுத்தண்டு நீரில் ஒரு சொட்டு விட்டால் போதும், பாக்டீரியா இருந்தால் கோடு விழும். பழைய வழியில் அதே நீரைக் கல்ச்சர் தட்டில் விட்டு, கிருமி வளர்கிறதா என்று நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். லேபில் புதுச் சோதனைகளைச் சரிபார்ப்பவள் நான்; ஸ்ட்ரிப்பை நம்பலாம் என்று நான் கையெழுத்துப் போட்டால், கோடு விழாத குழந்தைக்கு வார்டில் மருந்தை நிறுத்திவிடுவார்கள்.

"போடுடி. எல்லாம் தட்டோட அப்படியே ஒத்துப்போச்சு."

"ஒத்துப்போகாம என்ன செய்யும்? தட்டைப் பக்கத்துல வச்சுக்கிட்டே ஸ்ட்ரிப்பைப் பாத்தா?"

எங்கள் லேபில் அதுதான் வழக்கம். இரண்டும் ஒரே டிரேயில் வரும். தட்டில் கிருமி வளர்ந்திருந்தால் ஸ்ட்ரிப்பை ஜன்னல் பக்கம் தூக்கி, சாய்த்து, கண்ணை இடுக்கி, "இதோ லேசா இருக்கே" என்பார்கள். வளராவிட்டால் அதே லேசான கோடு அழுக்காகிவிடும். யாரும் பொய் சொல்லவில்லை. விடை தெரிந்த கண் அப்படித்தான் பார்க்கும். எனக்கு அதுதான் எரிச்சலைக் கிளப்பியது.

குழந்தைகள் வார்டு டாக்டர் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார்.

"இன்னுமா கையெழுத்தாகல? மருந்து பத்தலைம்மா. தேவையில்லாத குழந்தைக்கு ஏத்திட்டு, தேவைப்பட்ட குழந்தையோட அம்மா முன்னாடி கையை விரிச்சு நின்னவன் நான். அந்த முகம் இன்னும் போகல."

நல்ல மனிதர். அதனால்தான் அவரிடம் சண்டை போடுவது கஷ்டமாக இருந்தது. ஆனாலும் சண்டை போட்டேன்.

ரிப்போர்ட்டில் இருந்த குழந்தைகளின் முதுகுத்தண்டு நீரில் ஃப்ரீசரில் மிச்சம் வைத்திருந்ததை எடுத்துப் புது ஸ்ட்ரிப்புகளில் விட்டேன். தட்டுகளைப் பக்கத்து அறையில் வைத்துப் பூட்டினேன். எது எந்தக் குழந்தையுடையது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

"ரெண்டு பேரும் தனித்தனியா பாருங்க. ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்குக் கேக்கக் கூடாது."

"எனக்கே பரீட்சை வைக்கிறியா?" என்றாள் அக்கா.

"உனக்குத்தான் முதல்ல."

தட்டு இல்லாமல் அக்கா தடுமாறிப்போனாள். கண்ணாடியைக் கழற்றினாள், துடைத்தாள், மறுபடி மாட்டினாள். டாக்டர் மளமளவென்று சொல்லிக்கொண்டே போனார். ஒரு ஸ்ட்ரிப்பைத் தனியாக எடுத்து நீட்டினேன்.

"இதுல ஒண்ணுமில்ல."

"நல்லாப் பாருங்க டாக்டர்."

"சத்தியமா வெறும் ஸ்ட்ரிப். மருந்தை நிறுத்திடலாம்."

அக்காவும் அதில் கோடு இல்லையென்றுதான் சொல்லியிருந்தாள். ரிப்போர்ட்டில் அதே குழந்தைக்கு 'கோடு உண்டு' என்று அவளே எழுதியிருக்கிறாள். நான் போய் அந்தக் குழந்தையின் தட்டைக் கொண்டுவந்து இருவர் முன்னாலும் வைத்தேன். விளிம்பு வரைக்கும் கிருமி மொய்த்துக் கிடந்தது.

"ஜன்னலோரக் கட்டில் பாப்பாவோடது. ஸ்டெதஸ்கோப்பைப் புடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்கறான்னு காலையில நீங்கதானே சொன்னீங்க?"

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஃப்ரீசர்ல வச்சதால கோடு மங்கியிருக்கலாம்" என்றாள் அக்கா, குரல் இறங்கி.

"இருக்கலாம்க்கா. அப்போ புது நீரை எடுத்து, தட்டை மறைச்சு வச்சு, முதல்லருந்து பாப்போம். அதுவரைக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"மேல கேட்டா என்னடி சொல்றது?"

"உன் தங்கச்சி மாட்டேன்னுட்டான்னு சொல்லு. என் பேரைச் சொல்லியே சொல்லு."

அக்கா ரிப்போர்ட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். டாக்டர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ மருந்து பத்தாததுக்கு என்ன வழி?"

"அதுக்கும் சண்டை போடுவோம் டாக்டர், நானும் வரேன். ஆனா அந்தப் பாப்பா மருந்தைப் புடுங்கித்தான் இன்னொரு குழந்தைக்குக் குடுக்கணும்னா, நீங்களே போய் அவகிட்டருந்து புடுங்குங்க. என் கையெழுத்தை அனுப்பாதீங்க."