எலிசெயோ சொல்லி வைத்த பொய்

வல்திவியா ஊரில் அந்த வருடம் மழை ஏப்ரலிலேயே பிடித்துக்கொண்டது. எர்மிந்தா ரொட்டிக்கடை வேலைக்குத் திரும்பி ஏழு வாரம் ஆகியிருந்தது. வருகிற போகிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: "முகத்துல என்ன களை! இப்பத்தான் நம்ம பழைய எர்மிந்தா." அவளும் சிரித்தபடி ரொட்டியை நிறுத்துக் கொடுத்தாள். ஒன்றரை வருடத்துக்கு மேல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவள் அவள். குளிப்பதற்குக்கூட புருஷன் கையைப் பிடித்து எழுப்ப வேண்டியிருந்தது. இப்போது தானே எழுந்து, தலைவாரி, பஸ் பிடித்து வருகிறாள். மனச்சோர்வுக்காகச் சுகாதார நிலையத்தில் கொடுத்த மாத்திரை கேட்க ஆரம்பித்திருந்தது. நாக்கில் உப்பு தெரிந்தது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் எரிச்சல் வந்தது. அந்த எரிச்சல்கூட அவளுக்குப் புதுசாகவும் நல்லதாகவும் இருந்தது.

ஒரு புதன்கிழமை, வாடிக்கையாக வரும் அம்மாள் ஒருத்தி பையை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "உங்க அண்ணன் இருந்திருந்தா உன்னை இப்படிப் பாத்து எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பான்! தங்கமான மனுஷன்."

எர்மிந்தாவின் கை நின்றது. அடுத்து என்ன நடந்தது என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. சூடான ரொட்டித் தட்டு தரையில் கிடந்தது, ரொட்டிகள் நாலா பக்கமும் உருண்டு கிடந்தன. "அவன் பேரை எடுக்காதீங்க! யாரும் எடுக்காதீங்க!" என்று யாரோ கத்தினார்கள். கத்தியது தான்தான் என்று பிறகுதான் உறைத்தது.

கடைக்காரர் நோல்பெர்த்தோ அவளைப் பின்பக்கம் கூட்டிப்போய் மாவு மூட்டை மேல் உட்கார வைத்தார்.

"எர்மி, மறுபடியும் உடம்புக்கு முடியலையா?"

"இல்ல. எனக்குக் குணமாயிட்டு வருது. அதுதான் தாங்கல."

அண்ணன் எலிசெயோ அவளுக்கு ஆறு வயது மூத்தவன். மரமறுக்கும் ஆலையில் வேலை. கணையத்தில் புற்று என்று கண்டுபிடித்தபோதே நேரம் கடந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள் கிடந்து செத்துப்போனான். எர்மிந்தாவின் வீட்டிலிருந்து நடந்தால் கால் மணி நேரம். அவள் ஒரு நாளும் போகவில்லை. புருஷன் விளாதிமிர் கட்டிலோரம் மண்டி போட்டு, "உன் அண்ணன் போயிட்டான்" என்று சொன்னபோது, "சரி" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டாள். அடக்கத்தன்று இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது எல்லாருக்கும் கேட்கும்படி, "வீட்டுக்கு எப்பப் போறோம்?" என்று கேட்டாள். அண்ணி ஓர்த்தென்சியா திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தாள். அதோடு சரி. பதினைந்து மாதமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அன்றைக்கு அவளுக்குள் ஒன்றுமே இருக்கவில்லை. துக்கம் இல்லை, வெட்கம் இல்லை. அன்று வராததெல்லாம் இப்போது மொத்தமாக வந்தது. பஸ்ஸில் வந்தது, பல் தேய்க்கும்போது வந்தது. தன் குரலே காதில் கேட்டது. வீட்டுக்கு எப்பப் போறோம்?

"நோய் திரும்பலை, எர்மிந்தா," என்றாள் சுகாதார நிலையத்தில் இருந்த மனநல ஆலோசகர். "அப்போ உங்களால அழ முடியல. இப்போ முடியுது."

"இதுக்குத்தானா நான் மாத்திரை முழுங்கினேன்?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

வந்தவள் மாத்திரையை நிறுத்திவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. நாலாவது நாள் தலை கிறுகிறுத்தது, மண்டைக்குள் சுரீர் சுரீர் என்று இழுத்தது. ஒன்பதாவது நாள் விளாதிமிர் துவைக்கப் போட்ட அவளுடைய ஏப்ரன் பையில் கைவிட்டான். மாத்திரைகள் அப்படியே இருந்தன.

"ஏன்டி?"

"படுத்துக் கிடந்தப்ப எனக்கு எதுவும் வலிக்கல, விளாதி. அதுவே பரவாயில்லன்னு தோணுச்சு."

விளாதிமிர் சத்தம் போடவில்லை. அடுப்பங்கரைத் தரையில் அப்படியே உட்கார்ந்தான்.

"உனக்கு வலிக்கல," என்றான். "நான் கக்கூஸ் போகக்கூடப் பயந்துக்கிட்டு இருந்தேன். கதவைத் திறந்து வர்றதுக்குள்ள நீ ஏதாவது பண்ணிக்குவியோன்னு. எனக்கு வலிச்சுது."

அவன் அழுது அவள் பார்த்ததில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கையை வைத்தாள். மறுநாள் அவனே சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனான். டாக்டர் நன்றாகத் திட்டிவிட்டு, மாத்திரையைச் சிறிய அளவிலிருந்து மறுபடி தொடங்கினார்.

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், எர்மிந்தா பாலத்தைத் தாண்டி அண்ணி வீட்டுக்குப் போனாள். ஓர்த்தென்சியா கதவைத் திறந்தாள். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பி நடந்தாள்.

"அண்ணி, நான் மன்னிப்புக் கேக்க..."

"உக்காரு. மன்னிப்பெல்லாம் அப்புறம். முதல்ல நான் சொல்றதைக் கேளு." ஓர்த்தென்சியா விறகுக் கட்டை ஒன்றை அடுப்பில் திணித்தாள். "நான் சாயங்காலம் வேலை முடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போவேன். போனதும் உன் அண்ணன் என்ன சொல்வான் தெரியுமா? 'காலையில எர்மிந்தா வந்துட்டுப் போனா. பீச் பழம் கொண்டு வந்தா.' மறுநாள் போனா, 'எர்மிந்தா வந்தா, என் நகம் வெட்டிவிட்டா.' நானும் நம்பினேன். பரவாயில்லயே, எழுந்து நடமாடுறாளேன்னு நினைச்சேன். உனக்கு ஒரு கம்பளிச் சால்வைகூடப் பின்ன ஆரம்பிச்சேன், கழுதை நான்."

ஓர்த்தென்சியா அடுப்புக் கதவைச் சாத்தினாள்.

"கடைசி வாரம் நர்சுகிட்ட கேட்டேன், 'தங்கச்சி எத்தனை மணிக்கு வருவா?' எந்தத் தங்கச்சின்னு அவ கேட்டா. ஒருத்தரும் வந்ததில்லையாம். அவன்கிட்ட போய்க் கத்தினேன். சாகப் போற மனுஷன்கிட்ட கத்தினேன், உன்னால. அவன் என்ன சொன்னான்? 'அவளுக்கு உடம்பு முடியல, ஓர்த்தென்சி. நீ அவளை வெறுத்துடக் கூடாதுன்னுதான் சொன்னேன்.' எனக்கும் அவனுக்கும் இருந்த கடைசி வாரம் உன்னைப் பத்திச் சண்டை போட்டே போச்சு."

எர்மிந்தா வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது, அசிங்கமாக, மூக்கு ஒழுக, மேசையில் தலையை மோதிக்கொண்டு. பதினைந்து மாதத்து அழுகை. ஓர்த்தென்சியா அவளைத் தொடவில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தோளும் குலுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இருவருக்கும் நடுவிலிருந்த மேசையைச் சுற்றி யாரும் வரவில்லை.

ரொம்ப நேரம் கழித்து ஓர்த்தென்சியா ஒரு கப் டீயை அவள் முன்னால் நகர்த்தினாள்.

"நோய்னு எனக்குத் தெரியும். புத்திக்குத் தெரியுது, மனசுதான் கேக்க மாட்டேங்குது. குடிச்சிட்டுக் கிளம்பு, பஸ் போயிடும்." வாசலில் வைத்து மறுபடி சொன்னாள்: "கல்லறைக்கு நான் ஞாயித்துக்கிழமை போவேன். நீ போறதா இருந்தா சனிக்கிழமை போ."

எர்மிந்தா சனிக்கிழமைகளில் போனாள். முதல் இரண்டு முறை வாசல் கேட்டைத் தாண்ட முடியாமல் திரும்பினாள். மூன்றாவது முறை விளாதிமிர் கூட வந்தான். எலிசெயோவின் சிலுவையில் பாசி பிடித்திருந்தது. போன ஞாயிறு ஓர்த்தென்சியா வைத்த பூக்கள் அழுகிக் கிடந்தன. எர்மிந்தா பூச்சாடியில் தண்ணீரை மாற்றினாள், பாசியைச் சுரண்டினாள். அழுகை வரும் நாளில் அழுதாள். சில நாள் கோபம் வந்து, "உன்னை யாருடா பொய் சொல்லச் சொன்னது?" என்று மண்ணைப் பார்த்துத் திட்டினாள். ஆலோசகரிடம் அதையும் சொன்னாள். மாத்திரையை விடவில்லை. திங்கட்கிழமை காலையில் எழுவது இன்னமும் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் எழுந்தாள்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை சிலுவைக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்துவிட்டு வந்தாள். மறுநாள் மத்தியானம் அவள் கைபேசி அடித்தது.

"சிலுவைக்குப் பெயிண்ட் அடிச்சது நீயா?" ஓர்த்தென்சியாவின் குரல்.

"ஆமா, அண்ணி."

"மழைக்காலத்துல அடிச்சா உரிஞ்சு போயிடும்னு தெரியாதா உனக்கு? ஒரு பக்கம் ஏற்கெனவே போயிடுச்சு."

"செப்டம்பர்ல மறுபடி அடிச்சிடறேன்."

"அடிக்கிறதுக்கு முன்னாடி சிலுவையை நல்லா காயவிடு," என்றாள் ஓர்த்தென்சியா. வைத்துவிட்டாள்.