கயிறு அறுத்த பேராசிரியர்

மனிதகுலத்துக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: குழந்தையின் குணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு 1988 அக்டோபரில், நாரின் நகரில், எங்கள் சமையலறையில் விடை கிடைத்துவிட்டது. கண்டுபிடித்தவர் என் மனைவி கூல்பாராவின் அண்ணன், பேராசிரியர் எஷிம்பெக். முப்பது வருடம் செம்மறியாடுகளின் பரம்பரையை ஆராய்ந்தவர்.

"ரத்தம், மாப்ளே. எல்லாமே ரத்தம்," என்றார், தேநீர்க் கிண்ணத்தை நீட்டியபடி.

விஷயம் எங்கள் மகள் உம்சுனாய். மூன்று வயது. எட்டு மாதக் குழந்தையாக அரசு இல்லத்திலிருந்து எடுத்து வந்தோம். பெற்றவள் யாரென்று தெரியாது. அந்த வாரம் உம்சுனாய் பக்கத்து வீட்டுக்காரியைக் கடித்திருந்தாள். பேராசிரியர் சும்மா வரவில்லை. பிள்ளையைத் திருப்பி ஒப்படைக்கும் விண்ணப்பத்தைத் தானே எழுதிக்கொண்டு வந்திருந்தார். என் கையெழுத்துதான் பாக்கி. கூல்பாரா, எண்ணெயில் பொரிக்கும் போர்சோக் ரொட்டித் துண்டுகளுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவேயில்லை.

அந்த அடுப்புச் சூடும், கொதிக்கிற எண்ணெய் வாசனையும், ஜன்னலில் படிந்த ஆவியில் உம்சுனாய் விரலால் போட்ட கோடுகளும் இன்றைக்கும் நினைவில் இருக்கின்றன. அப்போது அதையெல்லாம் நான் கவனித்ததாகச் சொன்னால் பொய்.

பேராசிரியர் காகிதத்தை விரித்தார். உம்சுனாய் வந்து அதைப் பிடுங்கினாள்.

"விடு!" அவர் உறுமினார்.

அவளும் உறுமினாள். அதே புருவச் சுளிப்பு, அதே தாடை இறுக்கம்.

"ஏய், அறிவில்ல?" என்று நான் கத்தினேன். அவள் தரையில் விழுந்து காலால் உதைத்தாள். இன்னும் உரக்கக் கத்தினேன். என் முழங்காலைக் கடித்தாள்.

"பாத்தியா? ரத்தம்!"

கூல்பாரா மாவில் ஒரு உருண்டை கிள்ளி எடுத்து, மகள் பக்கத்தில் தரையில் போய் உட்கார்ந்தாள். உருண்டையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் விசும்பல் நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்புறம் உருண்டையை வாங்கிப் பிசைய ஆரம்பித்தது.

"மாவு குடுத்தா ரத்தம் மாறிடுமாக்கும்?"

"மாறாதுண்ணே. அவ சூடான பிள்ளைதான், எனக்குத் தெரியாதா? நீங்க ரெண்டு பேரும் கத்தாம இருந்தா கொதிக்காது. அவ்ளோதான்."

"இது விஞ்ஞானம் இல்ல."

"சரி. இவ நடக்க ஆரம்பிச்சப்ப கால் கயித்த அறுத்தது யாரு? அறுக்கிறவங்க குணம்தானே பிள்ளைக்கு வரும்?"

எங்கள் ஊரில் பிள்ளை நடக்கத் தொடங்கியதும் அதன் கால்களைக் கயிற்றால் கட்டிவிட்டு, ஊர்க்காரர்களுக்கு ஓட்டப்பந்தயம் வைப்போம். முதலில் வருகிறவர்தான் அந்தக் கயிற்றை அறுக்க வேண்டும். உம்சுனாய்க்கு வைத்த பந்தயத்தில் பேராசிரியர் ஓடவேயில்லை. அவர் நின்ற இடமே எல்லைக்கோடு என்று முடிவாகிவிட்டது.

"அது மூடநம்பிக்கை," என்றார், காது சிவக்க.

"அப்ப ஏண்ணே கத்திரிக்கோல வேற யார்கிட்டயும் குடுக்கல?"

நான் சிரித்துவிட்டேன். அதைப் பார்த்து உம்சுனாயும் சிரித்தாள். விண்ணப்பத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. பேராசிரியர் சாப்பிடாமலே கிளம்பினார். வாசலில் மனம் மாறித் திரும்பி வந்து ஒன்பது போர்சோக் தின்றார்.

அன்றோடு நான் மாறிவிட்டேன் என்று கூல்பாரா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாள். கத்துவதைக் குறைத்தேன். நிறுத்தவில்லை.